தமிழில் டெக்ஸ்ட் அட்வென்ச்சர் செய்ய எந்த மென்பொருள்? (தேவனாம்பட்டினம் கோட்டைக் கதை)

மஞ்சக்குப்பம் டீச்சர்:

வணக்கம். கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வருவார்கள். இந்த முறை கதை படிப்பதோடு விடாமல், எல்லோரும் சேர்ந்து ஒரு கதை விளையாட்டைச் செய்யலாம் என்று ஆசை. படம் கிடம் எதுவும் வேண்டாம், முழுக்க எழுத்திலேயே ஓடும் டெக்ஸ்ட் அட்வென்ச்சர். களம் கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டை.

எனக்குக் கதை எழுத வரும், நிரல் எழுத வராது. பிள்ளைகள் விளையாடப் போவது வீட்டுப் பெரியவர்களின் ஆண்ட்ராய்டு போனில். எழுதுவதற்குப் பள்ளியில் ஒரு பழைய கணினி கிடைக்கும், ஆனால் அதில் கை வைக்காத ஆள் கிடையாது. ட்வைன், இன்ஃபார்ம், இங்க் என்று மூன்று பெயர்களைக் கேள்விப்பட்டேன். இதற்கிடையில் ஒரு பையன், "கதவைத் திறன்னு டைப் பண்ணா கதவு திறக்கணும் டீச்சர், லிங்க்கை அமுக்குறதெல்லாம் விளையாட்டே இல்ல" என்கிறான். எது சரிப்படும்?


கெடிலக்கரை:

ட்வைன் எடுங்கள் டீச்சர். 2009இல் கிறிஸ் கிளிமாஸ் என்பவர் உருவாக்கிய இலவச, திறமூல மென்பொருள். திரையில் கட்டம் கட்டமாகப் பத்திகள் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி போகும். பிள்ளைகளுக்கு அந்த வரைபடத்தைப் பார்த்ததுமே பிடிபட்டுவிடும். இணைப்பு எழுதுவது இவ்வளவுதான்:

[[தோணியில் ஏறு->தோணி]]

இதைத் தட்டியதும் "தோணி" என்ற கட்டம் ஏற்கெனவே இல்லாவிட்டால் தானாக முளைக்கும். கட்டத்தின் பெயர் தமிழில் இருந்தாலும் தொல்லை இல்லை. சாவி கையில் இருக்கிறதா, காவலாளியிடம் பேசியாயிற்றா என்று நினைவு வைத்துக்கொள்ளும் மாறிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் மொத்த விளையாட்டும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வந்துவிடும். இணையம் இல்லாமலும் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. ட்வைனை இணையதளத்திலேயே திறந்து எழுதினால், கதை அந்தக் கணினியின் பிரவுசருக்குள்தான் சேமிக்கப்படும். யாராவது பிரவுசர் தரவைத் துடைத்தால் கதையும் போயிற்று. நீங்கள் சொல்கிற மாதிரிக் கணினியில் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் கணினியில் நிறுவும் பதிப்பைப் போடுங்கள், அது கோப்பாகச் சேமிக்கும். அன்றன்றைக்கு ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள்.


நெல்லித்தோப்பு:

கெடிலக்கரை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ட்வைனில் "ஸ்டோரி ஃபார்மட்" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளையாட்டின் தோற்றமும் வசதிகளும் அதைப் பொறுத்தவை. சும்மா விட்டால் ஹார்லோ வரும். எழுத எளிது, ஆனால் விளையாட்டைப் பாதியில் சேமிக்கும் வசதியை நாமேதான் சேர்க்க வேண்டும். சுகர்கியூப் என்ற இன்னொரு ஃபார்மட்டில் அது தயாராகவே இருக்கிறது. அப்பாவின் போனில் விளையாடுகிற பிள்ளைக்கு நடுவில் அழைப்பு வரும், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே சுகர்கியூப். பக்கவாட்டில் வரும் "சேவ்", "ரீஸ்டார்ட்" பட்டன்கள் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழாக்கிக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை அப்படியே திறந்தால் இந்தச் சேமிப்பு நிலைக்கும் என்று நம்பாதீர்கள். இட்ச் டாட் ஐஓ போன்ற தளத்தில் ஏற்றிச் சுட்டியைக் கொடுப்பது நல்லது.


அரிக்கமேடு:

எல்லோரும் ட்வைன் என்கிறீர்கள். அந்தப் பையன் பக்கம் பேச ஓர் ஆளாவது வேண்டாமா? அவன் கேட்டதுதான் அசல் டெக்ஸ்ட் அட்வென்ச்சர்.

எழுபதுகளின் நடுவில் வில் கிரவுதர் குகைகளுக்குள் இறங்கித் திரிந்த அனுபவத்தை ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் விளையாட்டாக எழுதினார், டான் வுட்ஸ் 1977இல் அதை விரித்தார். அதிலேயே "விளக்கை எடு", "வடக்கே போ" என்று தட்டித்தான் ஆட வேண்டும். அப்புறம் எம்ஐடி-யில் ஸோர்க் என்ற விளையாட்டு வந்தது. 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனம் ஒரே விளையாட்டைப் பலவகைக் கணினியிலும் ஓட்டுவதற்காக ஸி-மெஷின் என்ற கற்பனை இயந்திரத்தையே வடிவமைத்தது. 1983இல் "தி குவில்" என்ற கருவி வந்தபோது நிரல் தெரியாதவர்களும் வீட்டிலிருந்த ஸ்பெக்ட்ரம் கணினியில் விளையாட்டுச் செய்தார்கள். நம் டீச்சர் இப்போது தேடுவதும் அப்படி ஒன்றைத்தானே.

லிங்க் விளையாட்டில் எழுதியவர் நினைத்த வழிதான் உண்டு. தட்டச்சு விளையாட்டில் கதவு பூட்டியிருந்தால் உடைக்கலாமா, தட்டலாமா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாமா என்று ஆடுபவர் தாமாக யோசிக்க வேண்டும். இன்ஃபார்ம் 7 (கிரஹாம் நெல்சன், 2006, திறமூலமானது 2022இல்) இதற்கென்றே பிறந்தது. பெட்டி அறையில் இருக்கிறது, பெட்டி பூட்டியிருக்கிறது, விளக்கு பெட்டிக்குள் இருக்கிறது என்று வாக்கியமாக எழுதினாலே போதும். பூட்டிய பெட்டிக்குள் இருப்பதை எடுக்க முடியாது, வெளிச்சம் இல்லாத அறையில் எதுவும் தெரியாது என்பதெல்லாம் அதற்கு முன்பே தெரியும். ட்வைனில் அது ஒவ்வொன்றையும் நீங்கள் மாறி வைத்துக் கட்ட வேண்டும். பொருள்கள் பெருகப் பெருக அம்புக்குறிகள் சிக்கின வலை மாதிரி ஆகிவிடும்.


கெடிலக்கரை:

அரிக்கமேடு சார், அந்த வாக்கியங்களை ஆங்கிலத்தில் அல்லவா எழுத வேண்டும்? "திற" என்று தட்டினால் இன்ஃபார்முக்குப் புரியுமா? டீச்சருக்கு வேண்டியது அதுதானே.


அரிக்கமேடு:

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள் தம்பி. உள்ளபடி சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தமிழைக் காட்டுவது இன்று பெரிய வேலை இல்லை. பிரவுசருக்குத் தமிழ் தெரியும், ட்வைனும் இங்க்கும் பிரவுசரில் ஓடுகின்றன, கதை முடிந்தது. தமிழில் தட்டுவதைப் புரிந்துகொள்வதுதான் சிக்கல். இன்ஃபார்மின் பாகுபடுத்தி (தட்டிய வாக்கியத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதி) வினை முதலில் வரும் என்று எதிர்பார்க்கும். நமக்கு வினை கடைசியில். அடுத்து, ஆங்கிலத்தில் கதவு எங்கே வந்தாலும் ஒரே சொல். நமக்குக் கதவை, கதவில், கதவுக்கு, கதவால் என்று வால் மாறும். சில சொற்களுக்கு உடம்பே மாறும்: மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், ஆறு ஆற்றில் ஆகும். அதற்கு மேல் ஒற்று வேறு: கதவைத் திற, பெட்டியைப் பார், விளக்கைக் கொடு.

இதற்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. முந்தைய பதிப்பான இன்ஃபார்ம் 6-இன் நூலகத்தில் (கூடவே வரும் தயார் நிரல் தொகுப்பில்) மொழி வரையறைக் கோப்பு என்று தனியாக உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியக்காரர்கள் அதை மாற்றித்தான் தங்கள் மொழியில் விளையாட்டுச் செய்கிறார்கள். ஆடுபவர் தட்டியதை, பாகுபடுத்தி பார்ப்பதற்கு முன்பே திருப்பிப் போட அதில் ஓர் இடமும் வைத்திருக்கிறார்கள். கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவருவதை அங்கே செய்யலாம்.

ஆனால் ஸி-மெஷினுக்குத் தொகுக்காதீர்கள். அதன் அகராதி, பதிப்பு 4 முதல், ஒரு சொல்லுக்கு ஒன்பது சிறு குறிகளைத்தான் வைத்திருக்கும். அதன் அடிப்படை எழுத்து அட்டவணையில் இல்லாத ஓர் எழுத்துக்கு நான்கு குறிகள் செலவாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு தமிழ்ச் சொல்லில் முதல் இரண்டு குறியீடுகள்தான் முழுதாகத் தங்கும். கதவும் கதிரும் அதற்கு ஒன்றுதான்! அட்டவணையை மாற்றியமைக்கலாம், ஆனால் அது டீச்சர் செய்கிற வேலை இல்லை. ஆண்ட்ரூ பிளாட்கின் 1999இல் கொண்டுவந்த க்ளல்க்ஸ் என்ற இன்னொரு கற்பனை இயந்திரம் யூனிகோடை (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) ஏற்கும், அகராதிச் சொற்களையும் யூனிகோடில் வைக்கச் சொல்லலாம். தமிழுக்கு அதுதான் வாசல்.

"நீங்கள் பெட்டியைத் திறந்தீர்கள்" போன்ற பதில்களையும் நூலகம் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறது. அத்தனையையும் தமிழாக்க வேண்டும். ஒரு கோடை விடுமுறைக்கு இது தாங்காது என்று நானே ஒப்புக்கொள்கிறேன்.


ஓ.டி. பையன்:

அரிக்கமேடு அண்ணா, இவ்வளவுக்கு இன்ஃபார்மை வளைப்பதைவிட ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக நாமே எழுதிவிடலாமே. நான் கல்லூரியில் செய்து பார்த்தேன். இலக்கணத்தை முழுசாகப் புரியவைக்கப் போனால் முடிவே கிடையாது. நான் செய்தது முரட்டு வழி. விளையாட்டில் இருக்கும் பொருள்கள் கைவிரலில் அடங்கும், அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் வரக்கூடிய வடிவங்களைப் பட்டியலாகவே கொடுத்துவிட்டேன். கதவு, கதவை, கதவில், கதவுக்கு. பேச்சில் வரும் "கதவ" என்பதும் சேர்த்து. கடைசிச் சொல் வினை. அதற்கு முந்தைய சொல் க், ச், த், ப் என்று முடிந்தால் அந்த ஒற்றை வெட்டிவிட்டுப் பட்டியலில் தேடு. அவ்வளவுதான், பெரும்பாலும் வேலை செய்கிறது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. "கொடு" என்று சரியாகத் தட்டியும் "புரியவில்லை" என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. இன்னொன்று, ஜாவாஸ்கிரிப்டின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துத் தொடர்களைத் தேடும் முறை) சொல்லின் எல்லையைக் கண்டுபிடிக்கும் குறி ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாக மதிக்கும். இடைவெளியை வைத்துப் பிரியுங்கள், அதை நம்பாதீர்கள்.


நெல்லித்தோப்பு:

அதுசரி தம்பி, டீச்சருக்கு நிரல் வராது என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். நீங்கள் எழுதித் தருவதாக இருந்தால் பேசுங்கள் :)

டீச்சர் கேட்ட மூன்றில் இங்க்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இங்கிள் என்ற நிறுவனம் தன் விளையாட்டுகளுக்காக உருவாக்கி 2016இல் திறமூலமாக வெளியிட்டது. "80 டேஸ்" என்ற அவர்களின் விளையாட்டு இதில் எழுதப்பட்டதுதான். இங்கி என்ற எடிட்டரில் இடப்பக்கம் எழுத எழுத வலப்பக்கம் விளையாட்டு ஓடும். கட்டமும் அம்பும் கிடையாது, பக்கம் பக்கமாகக் கதை எழுதுவது போலவே எழுதலாம். வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அது ஆடுபவருக்கான தேர்வு:

* காவலாளியிடம் பேசு
* மதிலோரம் ஒளிந்துகொள்

இந்தத் தேர்வுகள் பிரிந்து போய் மறுபடி ஒரே இடத்தில் வந்து சேர்வதை இங்க் அளவுக்கு அழகாகச் செய்யும் கருவியை நான் பார்க்கவில்லை. பகுதிகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டும், தமிழில் வைத்தால் ஏற்காது.

தனியாக எழுதும் எழுத்தாளர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்க் என்பேன். பத்துப் பிள்ளைகள் ஒரு திரையைச் சுற்றி நிற்கப் போகிறார்கள் என்றால் ட்வைன் வரைபடம்தான். ஆளுக்கொரு கட்டத்தைப் பிரித்துக் கொடுக்கலாம் பாருங்கள்.


முத்தியால்பேட்டை:

ரென்பை?


நெல்லித்தோப்பு:

படமும் பாத்திரமும் வைத்து விஷுவல் நாவல் செய்வதற்கு. டீச்சர் படம் வேண்டாம் என்கிறார். எடுத்தாலும் புதிய பதிப்பாகப் பார்த்து எடுங்கள், பழையதில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி விழும்.

சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு கதை விளையாட்டுக் கருவி பற்றியும் யாராவது கேட்பீர்கள். அதன் உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான். வாசிப்பு வட்டத்துக்குப் பரவாயில்லை, நாளைக்கு விற்க நினைத்தால் அவர்களிடம் போக வேண்டும்.


மஞ்சக்குப்பம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. அரிக்கமேடு சார் பதிவை இரண்டாம் தடவை படித்தபோதுதான் பிடிபட்டது, ஆனால் பிடித்திருந்தது. கதையை உத்தேசமாக முடிவு செய்துவிட்டோம். 1690. ஆடுபவர் தேவனாம்பட்டினத்து மீனவச் சிறுவர் அல்லது சிறுமி. கோட்டை வெள்ளைக்காரர் கைக்கு மாறுகிறது, பீரங்கி சுடப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. குண்டு எங்கே விழுகிறது என்று ஓடிப் பார்க்க வேண்டும். நம் குண்டுசாலைப் பெயரை வைத்துப் பிள்ளைகளே பின்னியது. வரலாற்றில் இது நிற்குமா?


கெடிலக்கரை:

நிற்கும் டீச்சர். ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்து என்பதுதான் பேச்சு. பல திசையில் சுட்டு எல்லை குறித்தார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். இதைவிட நல்ல விளையாட்டுத் தொடக்கத்தை உட்கார்ந்து யோசித்தாலும் பிடிக்க முடியாது. குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்த ஊரின் கதி மாறுகிறது.

ஆனால் சுரங்கப்பாதை வைத்தால் அதை ஊரார் பேச்சாக மட்டும் வையுங்கள். "இங்கிருந்து அங்கே வரை சுரங்கம் போகுது" என்று எந்தக் கோட்டையைப் பற்றித்தான் சொல்லவில்லை. விளையாட்டில் வந்துவிட்டால் பிள்ளைகள் அதை வரலாறாகவே எடுத்துக்கொள்வார்கள்.


அரிக்கமேடு:

கதை இதுதான் என்றால் என் வாதத்தில் பாதியை நானே வாபஸ் வாங்குகிறேன். இது ஓட்டமும் தேர்வுமாகப் போகும் கதை, பெட்டிக்குள் பெட்டி வைத்த புதிர் இல்லை. ட்வைனிலேயே செய்யுங்கள். ஆனால் அந்தப் பையனையும் விட்டுவிடக் கூடாது. சுகர்கியூபில் தட்டச்சுப் பெட்டி ஒன்றை வைக்க முடியும். கதையில் ஒரே ஓர் இடத்தில் அதை வையுங்கள். கோட்டை வாசலில் காவலாளி வழி மறிக்கிறான், லிங்க் எதுவும் இல்லை, என்ன செய்யப் போகிறாய் என்று தட்ட வேண்டும். அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஓ.டி. பையன் சொன்ன பட்டியல் முறை போதும். சுகர்கியூப் கட்டத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் எழுத இடம் கொடுக்கும்.

பட்டியலை நீங்களாக உட்கார்ந்து எழுதாதீர்கள். பெரியவர் எழுதினால் "வாயிற்காவலரிடம் அனுமதி கேள்" என்றுதான் வரும். அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, என்ன தட்டுவீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது.


ஓ.டி. பையன்:

அந்தக் கட்டத்தின் நிரலை நான் எழுதித் தருகிறேன் டீச்சர். கோப்பை அனுப்புங்கள்.

முன்னாலேயே ஒன்று முடிவு செய்யுங்கள். விளையாட்டு ஆடுபவரை "நீ" என்று கூப்பிடுமா, "நீங்கள்" என்றா? எல்லா வினைமுற்றும் அதைப் பொறுத்தது. பாதி எழுதியபின் மாற்றினால் ஒவ்வொரு கட்டமாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.


மஞ்சக்குப்பம் டீச்சர்:

துண்டுத்தாள் வைத்தோம். வந்ததில் சில: "காவலாளிகிட்ட பேசு", "கதவ தட்டு", "மீன் குடு", "ஓடு", "பின்னாடி வழியா போ", "அவன் தூங்குற வர வெயிட் பண்ணு", "அம்மாவ கூப்பிடு". ஒருத்தி "சும்மா நில்லு" என்று எழுதியிருக்கிறாள். மீனைப் பற்றிக் கதையில் நாங்கள் எங்கேயும் சொல்லவே இல்லை. அடுத்தடுத்து மூன்று தாளில் மீன் வந்தது, பார்த்து எழுதியதா தெரியவில்லை.

நீ, நீங்கள் விஷயம்: விவரணை "நீ" என்றே பேசும். காவலாளியும் "நீ" என்பான். தோணிக்கார ஆயா மட்டும் "வா கண்ணு" என்பாள். "நீங்கள்" என்றால் பாடப்புத்தகம் போல இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.


ஓ.டி. பையன்:

மீனைச் சேர்த்துவிடுங்கள் டீச்சர். தொடக்கக் காட்சியில் கையில் ஒரு கூடை மீன் இருக்கட்டும், வாசலில் அது வேலை செய்யட்டும். "கிட்ட", "வழியா" இரண்டையும் பட்டியலில் போடுகிறேன். "வெயிட்" என்பதும் "காத்திரு" என்பதும் ஒரே வினையாகப் போகும்.

"சும்மா நில்லு" என்று தட்டினால் என்ன ஆக வேண்டும்? அதற்கான பதிலை அந்தப் பெண்ணையே எழுதச் சொல்லுங்கள். வந்ததும் சேர்த்துக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறேன்.


அரிக்கமேடு:

"அம்மாவ கூப்பிடு" என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.